முகத்துவாரம் அடைத்திருந்த எட்டு நாள்

என்னை வீட்டோடு மாப்பிள்ளை என்று முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் நடக்கும்போதெல்லாம் அந்தச் சொல் என் முதுகுக்குப் பின்னால் வருவது போலவே இருக்கும். ஜார்ஜ் டவுனில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை. தனியாக வீடு பிடிக்கச் சம்பளம் போதாது. மாமனாருக்கு மனைவி தவறிப்போயிருந்தார். ஒரே பெண், அவள்தான் என் மனைவி. அவர் வீட்டில் இடம் இருந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் மூன்று வருஷமாக விருந்தாளியாக இருந்தேன்.

விருந்தாளி என்று சொல்வது விளையாட்டுக்கு அல்ல. நான் கூடத்துக்குள் நுழைந்தால் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். எனக்கு முன்னால் சாப்பிட உட்கார மாட்டார். என்னிடம் நேராக எதையும் கேட்கவும் மாட்டார். நான் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும், "அவருக்கு வெந்நீர் வேணுமான்னு கேளும்மா" என்று மகளிடம்தான் சொல்வார். மாப்பிள்ளையிடம் வேலை சொல்வது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. இந்த மரியாதையைச் சுமந்துகொண்டு ஒரு வீட்டில் குடியிருப்பது எவ்வளவு அலுப்பான காரியம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

அவர் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால், மதகு, மழை என்று வாழ்நாள் முழுக்க எதையாவது அளந்து நோட்டில் எழுதியவர். கை சும்மா இருக்காதே! அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், ஐப்பசியில் தொடங்கிப் பங்குனி முடிய, தினமும் விடியற்காலையில் என்னென்ன பறவை வந்திருக்கிறது என்று பதினெட்டு வருஷமாக எழுதி வந்தார். உள்ளான் இத்தனை, ஆலா இத்தனை, கோட்டான் இத்தனை. கோட்டான் என்றதும் ஆந்தையை நினைக்க வேண்டாம். இது கொக்கை விடச் சிறியது, சேற்று நிறம், அரிவாள் போல் கீழே வளைந்த நீண்ட மூக்கு. குளிர்காலத்துக்கு எங்கிருந்தோ வரும், வெயில் ஏறினால் போய்விடும். அது போகிற நாளை மட்டும் அவர் சிவப்பு மையில் எழுதுவார். பதினெட்டு நோட்டு, பதினெட்டுச் சிவப்புத் தேதி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம், அவருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. இரண்டு குளிர்காலமாக, "பங்குனி கழியட்டும்" என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு வந்தவரிடம், இனிமேல் கோடை வரைக்கும் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணையும் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கட்டை அவிழ்க்கக் கூடாது, தலையை அசைக்கக் கூடாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான் அவர் என்னிடம் முதல் தடவையாக ஒன்று கேட்டார். அப்போதும் மகளிடம்தான் ஆரம்பித்தார். "அவருக்குச் சிரமம் இல்லைன்னா..." என்று சொல்லி நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, ஒரு மாசம் மட்டும் காலையில முகத்துவாரம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வர முடியுங்களா? நீங்க சொன்னா பாப்பா எழுதிக்கும். கோட்டான் போற நாள் தவறக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். பாப்பா என்றது என் மனைவியைத்தான். சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டிருந்தார். நான் எப்படி மறுப்பேன்?

மவுண்ட் ரோடு ஏலக்கடையில் வாங்கிய அவருடைய பைனாகுலர் என் கழுத்துக்கு வந்தது. அதில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்திருந்தது, ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். விடியும் முன் எழுந்து, சாந்தோம் கடற்கரை வழியாகத் தெற்கே நடப்பேன். கடற்கரையைக் குப்பத்து ஜனங்கள் காலைக்கடனுக்குப் பயன்படுத்தும் நேரம் அது. மணலைப் பார்த்து நடக்கவே இரண்டு கண் போதாது. முகத்துவாரத்தில் சேறு கணுக்காலைப் பிடிக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பனியில் மூக்கு ஒழுக, நடுவிலிருக்கும் மணல் திட்டில் நிற்கும் கோட்டான்களை ஒற்றைக் கண்ணால் எண்ணுவேன். பாதி எண்ணும்போது எல்லாம் எழுந்து பறந்து வேறிடத்தில் உட்காரும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். பிறகு வீட்டுக்கு ஓடிக் குளித்து, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, லஸ்ஸில் டிராம் பிடித்து ஆபீஸ் போனால், அங்கே கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் பருவம். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். கண் கட்டோடு படுத்திருக்கும் மாமனார் என் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்திருக்கப் பார்ப்பார். "அசையாதீங்கப்பா" என்று மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள். நான் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் எழுதுவாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பார்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. மூன்றாவது வாரம் சனிக்கிழமை உடம்பு நெருப்பாகக் கொதித்தது. சாந்தோம் முனையில் ஒரு காப்பி ஓட்டல் பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன். போகவில்லை என்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். ஜுரம் என்றால் அவரே வேண்டாம் என்றிருப்பார். ஆனால் குமாஸ்தா புத்தி என்று ஒன்று இருக்கிறதே. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இல்லாத இடத்தில் 'மேற்படி' என்று போட்டுப் போட்டுப் பழகிய கை. நேற்று நாற்பத்தொரு கோட்டான் இருந்தது, இன்றைக்கு மட்டும் எங்கே போயிருக்கும்? "முப்பத்தொன்பது" என்றேன். மனைவி எழுதினாள். அவர் "ம்" என்றார்.

மறுநாள் ஜுரம் இல்லை. ஆனாலும் கால் தானாக அந்த பெஞ்சுக்கே போய்விட்டது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். சூடான காப்பி, கையில் பேப்பர், காலில் சேறு இல்லை. அந்த ஒரு மணி நேரம்தான் அந்த வருஷத்தில் எனக்கே எனக்கென்று கிடைத்த நேரம் என்று சொன்னால் நம்புவீர்களா? பொய்யும் நன்றாக வந்தது. நாற்பத்திரண்டு, முப்பத்தேழு, நாற்பது என்று கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொன்னேன். ஒரு நாள் ஆலாக்களை விரட்டிக்கொண்டு பருந்து வந்தது என்றேன். வியாழக்கிழமை அவர் முகம் மிகவும் வாடியிருந்தது. அவரைக் குஷிப்படுத்தலாம் என்று, "பூநாரை ஏழு வந்திருந்துதுங்க" என்று சொல்லிவிட்டேன். கண் கட்டுக்குக் கீழே அந்த மனிதரின் வாய் குழந்தை போல் விரிந்தது. "பதினெட்டு வருஷத்துல மூணே தடவைதாம்மா பார்த்திருக்கேன்! மாப்பிள்ளை கண்ணுக்கு ஆப்பிட்டிருக்கு பாரு" என்று மகளிடம் சொன்னார். மறுநாள் பார்க்க வந்த சிநேகிதரிடமும் அதையே சொன்னாராம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்பதற்காக உண்மையைச் சொன்னேனா என்றால், அதுவும் இல்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கணக்குத் தப்பவில்லை. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கூடத்தில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மீன்காரி கூடையை இறக்கினாள். முகத்துவாரத்துக் குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிறவள்.

"என்ன, ஒரு வாரமா ஆளையே காணோம்?" என்றாள் என் மனைவி.

"எங்கம்மா வர்றது? மொகத்துவாரம் போன சனிக்கெழமயே அடைச்சிக்கிச்சு. மண்ணு மேடு கட்டிக்கினு தண்ணி வெளிய போவல. குப்பத்துல முட்டிக்காலு தண்ணி கீது. ஆம்பளைங்கோ அத்தினி பேரும் மம்முட்டி எடுத்துக்கினு வெட்டிக்கினு கீறாங்கோ. இந்த மீனு கூட வேற குப்பத்துல வாங்கியாந்தது."

பின்பனியில் ஆற்றில் தண்ணீர் வற்றும்போது கடல் மணலைக் கொண்டுவந்து வாயை மூடிவிடும். பிறகு குப்பத்தார் வெட்டித் திறந்துவிடுவார்கள். சில வருஷம் நடப்பதுதான். அவருடைய நோட்டுகளில் அந்த நாள் கூடக் குறித்திருக்கும். அந்த பெஞ்சிலிருந்து அரை மைல் நடந்திருந்தால் நானும் பார்த்திருப்பேன்.

உள் அறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "ஏம்மா, நடுவுல இருக்கிற மணல் திட்டு தெரியுதா?"

"இன்னா தெரியும் நைனா? எல்லாம் முழுவிப் பூட்ச்சி. குருவி காக்கா குந்தறதுக்குக் கூட எடம் இல்ல. அல்லாம் அன்னிக்கே பறந்து பூட்ச்சி."

என் கையில் கத்தி நின்றுவிட்டது. முகத்தில் பாதி சோப்பு. மனைவி மீனைக் கையில் பிடித்தபடி திரும்பி என்னைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தேன், ஒரு மீன்காரி வந்து இலையைத் தள்ளிவிட்டுப் போகிறாள். உள்ளேயிருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். திட்டினால் கூடத் தேவலை என்று இருந்தது.

அவர் சொன்னது இதுதான்: "நல்ல மீனாப் பார்த்து ரெண்டு வாங்கும்மா. மாப்பிள்ளைக்கு வறுவல் பிடிக்கும்."

மனைவி மீனைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போய், ஜுரம் வந்த சனிக்கிழமையிலிருந்து நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஜுரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு, "பொய் சொன்னதுகூடப் பெரிசில்லைங்க. அத என் கையால எழுத வச்சிட்டீங்களே" என்றாள்.

அன்று உச்சி வெயிலில் நான் முகத்துவாரத்துக்குப் போனேன். கரை தளும்பத் தண்ணீர். திட்டும் இல்லை, சேறும் இல்லை. அந்தப் பெரிய தண்ணீரில் பைனாகுலரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன், ஒரு இறகு இல்லை. சாயங்காலம் வந்து, "முகத்துவாரம் அடைஞ்சிருக்குங்க. பறவை ஒண்ணும் இல்லை" என்றேன். "எழுதிக்கோம்மா" என்றார். அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அப்போது எனக்கு மனம் துடித்தது. ஆனால் மாப்பிள்ளை மாமனார் காலில் விழுந்தால், தலையை அசைக்கக் கூடாத மனிதர் பதறி எழுந்துவிடுவார். இப்படி ஒரு சாக்கு எனக்குக் கிடைத்தது. அவரும் கேட்க முடியாது, நானும் சொல்ல முடியாது. அந்த மரியாதை எங்கள் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தவறாமல் போனேன். நாலாம் நாள் குப்பத்தார் மணலை வெட்டித் திறந்தார்கள். தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்கு ஓடிற்று. திட்டு மெல்ல வெளியே வந்தது. உள்ளான்கள் சில திரும்பி வந்தன. கோட்டான் ஒன்றுகூட வரவில்லை. தண்ணீர் ஏறியதால் வேறு சதுப்புக்குப் போயினவா, ஊருக்கே கிளம்பிவிட்டனவா, எந்த நாள் கிளம்பின என்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை. பங்குனி கடைசி வரை போய் நின்று பார்த்தேன்.

கட்டு அவிழ்த்த பிறகு அவருக்குத் தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். பக்கத்தில் வைத்துப் பெரிய எழுத்தைப் படிப்பார். தூரத்தில் இருப்பது எல்லாம் புகை மூட்டம்தான் என்றார். பறவை பார்ப்பது அதோடு முடிந்தது. அந்தப் பத்தொன்பதாவது நோட்டுதான் கடைசி நோட்டு.

சித்திரையில் ஒரு நாள் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, அலமாரியைத் திறந்து அதை எடுத்தேன். சிவப்புத் தேதிக்கு உரிய இடம் காலியாக இருந்தது. பொய் சொன்ன எட்டு நாளையும் தேடினேன். என் மனைவியின் உருண்டை எழுத்தின் மேல், ஓவர்சியர்கள் அடிப்பது போல ஒவ்வொரு பக்கத்திலும் ஒற்றைக் கோடு. பூநாரை ஏழின் மேலும் அதே கோடு. என் பெயரை எங்கேயும் எழுதவில்லை. கோட்டுக்குக் கீழே, கண்ணாடி போட்டும் வரி கோணிப் போகிற அவருடைய சொந்தக் கையெழுத்தில், எட்டு நாளுக்கும் எட்டுத் தடவை ஒரே குறிப்பு:

'கண் கட்டியிருந்தது. நான் பார்க்கவில்லை.'

நோட்டை இருந்த இடத்தில் வைத்தேன். சற்று நேரத்தில் அவர் கோயிலிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கூடத்துக்குள் வந்தேன். தட்டுத் தடுமாறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வழக்கம் போல் எழுந்து நின்றார்.