செசிலி அம்மாவின் முன்பல் சந்து

காரைக்குடியில் பல் மருத்துவராக இருக்கிறேன். பல்லெல்லாம் விழுந்துவிட்ட செசிலி அம்மா, பல்செட் கட்ட மானகிரியிலிருந்து வந்தார். அச்செடுத்து, நிறம் குறித்து, லேபுக்கு அனுப்பத் தயாரானேன்.

“முன்பல்லுல ஒரு சந்து இருந்துச்சு டாக்டர். அத அடைச்சிராதீக. எங்க வீட்டுக்காரருக்கு அதுதான் பிடிக்கும்.”

வெட்கத்தோடு கல்யாணப் படத்தை நீட்டினார். அதையும் சேர்த்து அனுப்பினேன்.

பல்செட் வந்த அன்று அவர் கணவர் மட்டும் வந்தார்.

“காலையில தவறிட்டா டாக்டர். பெட்டிய மூடுறதுக்குள்ள வந்து மாட்டி விடுறீகளா?”

உடனே அவரோடு போனேன். பொருத்தியதும் ஒடுங்கிய கன்னம் நிறைந்தது. உதடுகளுக்கு நடுவே அந்தச் சந்து தெரிந்தது.

“வந்துட்டியா செசிலி” என்று குனிந்தவர் பெட்டியை மூடும்வரை நிமிரவேயில்லை.

நான் கட்டிய பற்களில் அதுபோல் எதுவும் பொருந்தியதில்லை. அதை வைத்து அந்த அம்மா ஒரு வாய் சோறு தின்னவில்லையே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.