வயது ஏற்றும் சூப்

நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் நான் இருந்த மாடிக் கட்டடத்தில் யாராவது கதவைத் தட்டினால் முறைப்பாடு என்று அர்த்தம். அதனால், பெப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் பக்கத்து வீட்டுப் பெண் தட்டியபோது, பொரித்துக்கொண்டிருந்த கருவாட்டை மூடிவிட்டுத்தான் திறந்தேன்.

அவள் கொரியாவில் பிறந்தவள். குழந்தையாக இருக்கும்போதே தத்தெடுத்து வந்து, வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் நோர்வேக்காரர் வளர்த்தார்கள். கொரிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. கையில் இணையத்தில் எடுத்த ஒரு படம் வைத்திருந்தாள். தெளிந்த சூப்புக்குள் வெள்ளை வில்லைகள் மிதந்தன. அதன் பெயரை அவளாலேயே ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

"உங்களுக்கு அரிசிச் சாப்பாடு செய்யத் தெரியும்தானே?" என்று நோர்வே மொழியில் கேட்டாள்.

கொரியா எங்கே, என் ஊர் கொக்கட்டிச்சோலை எங்கே! ஆனால் வேலையிடத்துக்கு வெளியே ஒரு மனிதரோடு கதைத்துப் பல நாளாகியிருந்தது. அரிசி என்ன, இரும்பைச் சமைக்கக் கேட்டிருந்தாலும் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"ஓம், தெரியும். உள்ள வா பிள்ளை."

அன்று கொரியர்களுக்குப் புதுவருடமாம். இந்தச் சூப்பைக் குடித்தால்தான் ஒரு வயது ஏறுமாம், அதுவும் எல்லோருக்கும் ஒரே நாளில்.

"என்ர பிறந்த நாள் ஆரோ ஒரு உத்தியோகத்தர் குத்துமதிப்பாப் போட்டது. என்னைத் தெருவில கண்டெடுத்தவை. உண்மையான நாள் ஒருத்தருக்கும் தெரியாது," என்றாள். "ஒருக்காவது உண்மையா ஒரு வயசு ஏறோணும்."

எனக்குப் பிறந்த நாள் இருக்கிறது. அம்மா போன பிறகு அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

மாட்டிறைச்சி வேண்டும் என்று செய்முறை சொன்னது. என் அடுப்பில் மாடு ஏறாது என்றேன். கோழி வைத்தோம். அலுமாரியில் இருந்த அரிசிமாவை எடுத்து, கொதிநீர் விட்டுக் குழைத்து, விரல் மொத்தத்துக்கு உருட்டிச் சரிவாக வெட்டினேன். அவள் ஒவ்வொரு வில்லையையும் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கினாள். படத்தில் வெள்ளையாக இருந்ததே என்று மெல்லக் கேட்டாள். அவிந்தால் வெளுக்கும் என்று பெரிய சமையல்காரி மாதிரிச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தால் ஒரு வில்லையையும் காணவில்லை. பானை நிறையச் செம்மண் நிறத்தில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் முதலில் நோர்வே அடுப்பைத்தான் திட்டினேன். பிறகுதான் உறைத்தது: நான் குழைத்தது புட்டுக்கு வறுத்து வைத்த சிவப்பரிசி மா, கொதியில் கரையாமல் என்ன செய்யும். எங்கள் வீட்டில் அரிசிமா என்றால் வறுத்ததுதான். வறுக்காத பச்சை மா என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவு வரவில்லை.

அவள் பானையைப் பார்த்தபடி நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"இது கணக்கில வருமா?"

"அரிசியும் தண்ணியும் உப்பும்தானே. வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்டுதான். குடி."

முட்டைப் பொரியலை நூலாக அரிந்து, வெங்காயத்தாள் தூவிக் கொடுத்தேன். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். கிண்ணத்தின் அடியை விரலால் வழித்தாள். நானும் குடித்தேன். கருவாட்டு மணத்துக்குள் அது நன்றாகவே இருந்தது.

"இப்ப எத்தினை வயசு?" என்று சும்மா கேட்டேன். முப்பது சொச்சம் என்பாள் என்று நினைத்தேன்.

"ஒண்டு," என்றாள். சிரிக்கவில்லை.

கோடையில் வடக்கே வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். அந்த வீட்டுக்கு வேறு யாரோ வந்தார்கள். சுவருக்கு அப்பால் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அடுத்த புதுவருடத்துக்கு நகரத்து ஆசியக் கடையில் அந்த வெள்ளை வில்லைகளையே பொதியில் வாங்கி வந்தேன். ஒன்றும் கரையவில்லை. சூப் படத்தில் இருந்தது போலவே வந்தது. வாயில் வைத்தேன், பிடிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து வறுத்த மாவை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினேன். பழைய கூழ் திரும்பி வந்தது.

அன்று அவள் குடித்த கிண்ணத்திலேயே ஊற்றிக் குடித்து முடித்தேன். பிறகு அந்தச் சுவரைப் பார்த்து, "ரெண்டு," என்று சத்தமாகச் சொன்னேன்.