பையன் உட்கார்ந்திருந்த பெட்டி

என் தங்கையின் வீட்டுக்காரர் தையல்காரர். கழுத்தில் டேப் இல்லாமல் அவரை நான் பார்த்தது அவருடைய கல்யாணத்தன்று மட்டும்தான். தெருவில் எல்லோரும் அவரை 'டேப்பு' என்றே கூப்பிடுவார்கள். எனக்கு மாப்பிள்ளை. கோபம் வந்தால் நானும் டேப்பு என்பேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

மாப்பிள்ளைக்கு ஒரு கர்வம். வெளியாட்களுக்கு வருஷா வருஷம் புதிதாக அளவெடுத்து நோட்டில் எழுதுவார். வீட்டு ஆட்களுக்கு ஒருமுறை எழுதினால் எழுதினதுதான். "நம்ம ஆளுங்களைப் போய் அளந்து பாக்கணுமா? கண்ணை மூடிட்டு வெட்டுவேன்" என்பார். அவர் தைத்துக் கொடுத்த சட்டைகளுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து வருஷமாக நான் என் மரக்கடைக்குப் போய் வந்தேன். தொந்தி போட்டது என் தப்பாம்.

அவர்களுக்கு ஒரே பையன். பதினெட்டு முடிந்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தான். இருபத்திரண்டு வயதில், ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாற்றலாகிப் போகும்போது, மலைப்பாதையில் வண்டி உருண்டு போய்விட்டான். அந்த நாட்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எனக்கு அந்தத் தெம்பு கிடையாது.

நான்கு மாதம் கழித்து அவன் சாமான்கள் இரண்டு அட்டைப்பெட்டிகளில் வந்தன. என் தங்கை வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அவன் பெட்டி எங்க?"

கொண்டுவந்தவர் நல்ல மனிதர். தலையைக் குனிந்துகொண்டு, மரப்பெட்டி வண்டியோடு நொறுங்கிவிட்டது, சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி இதில் போட்டிருக்கிறோம் என்றார்.

பட்டாளத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு மரப்பெட்டி கொடுத்திருந்தார்கள். இடம் மாறும்போதெல்லாம் கூடவே போகிற பெட்டி. பச்சைப் பெயின்ட், மூலைகளில் இரும்புத் தகடு, இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி, மூடியில் வெள்ளையாக அவனுடைய நம்பர். அவன் எப்போது போன் பண்ணினாலும் என் தங்கை, "எங்கப்பா உக்காந்திருக்க?" என்று கேட்பாள். "பெட்டி மேலதாம்மா" என்பான். பையன் நல்லபடியாக இருக்கிறான் என்பதற்கு அவளுக்கு அந்த ஒரு பதில் போதும்.

"பெட்டி வராம நான் எதையும் பிரிக்க மாட்டேன்" என்று பிடித்த பிடியில் நின்றாள். அட்டைப்பெட்டிகளை உள்ளறையில் வைத்து, பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். சாப்பாடு பேருக்கு. மூன்று மாதத்தில் வளையல் முழங்கை வரை ஏறியது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. மகனைத் தொடர்ந்து இவளும் போய்விடுவாளோ என்று எனக்கு உள்ளூர பயம்.

ஒரு நாள் மத்தியானம் மாப்பிள்ளை என் மரக்கடைக்கு வந்து நின்றார்.

"மச்சான், பலகை வேணும். அதே மாதிரிப் பெட்டி நானே செய்யப் போறேன்."

"உங்களுக்கு ரம்பம் புடிக்கத் தெரியுமா? ஆசாரியை விட்டுச் செய்வோம்."

"வேணாம். அவளுக்கு நான் செஞ்சதா இருக்கணும்."

அளவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். பையன் அரை டிராயரோடு பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருந்தன. பிறகு நோட்டை எடுத்துப் பையன் பேர் போட்ட பக்கத்தைத் திருப்பினார். "முழங்காலுக்குக் கீழ இவ்வளவு. போட்டோவில அவன் காலு இத்தனை நூலு, பெட்டி இத்தனை நூலு. வகுத்தா வந்துடுது." நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மகனின் காலை வைத்தே பெட்டியின் உயரம், நீளம், அகலம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது, கடையில் இருந்ததிலேயே நல்ல பலகையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு முன்னறையிலேயே வேலையை ஆரம்பித்தார். பலகையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். வெட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதல்.

"தையலுக்கு விட்டீங்களாக்கும்?" என்றேன்.

அத்தனை மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். உடனே அதற்காக வெட்கப்பட்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி இழைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பலகையைப் பிடிக்க, அவர் திருகாணி முடுக்கினார். விரலெல்லாம் கட்டு. நம்பரை அட்டையில் எழுதி, தையல் கத்தரியாலேயே வெட்டி, மூடியில் வைத்து வெள்ளைப் பெயின்ட் அடித்தார். உள்ளறையிலிருந்து ஒரு சத்தமும் வராது. ஆனால் ரம்பம் நின்றால் பாய் சரசரக்கும். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பெட்டி முடிகிற சமயத்தில் தெருமுனை பேங்க் வாட்ச்மேன் பார்க்க வந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அச்சு அசலா இருக்கு, டெய்லரே. அளவுதான் கொஞ்சம் சிறுசு. ஒசரத்துலயே ஒரு அங்குலம் கம்மி" என்றார்.

"உங்களுக்கு ஞாபகம் பிசகியிருக்கும். என் புள்ள காலை வெச்சு எடுத்த அளவு இது" என்று மாப்பிள்ளை சீறினார். வாட்ச்மேன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு காலை பெட்டியை உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தங்கை எழுந்து உட்கார்ந்தாள். மூடியைத் தடவினாள், கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், நம்பரை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். மாப்பிள்ளை பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நின்றார்.

"பிரிங்கண்ணே" என்றாள் என்னைப் பார்த்து.

எனக்கு உயிர் வந்தது. அட்டைப்பெட்டியைக் கிழித்தேன். தட்டு, டம்ளர், கம்பளிச் சட்டை, பூட்ஸ், ஷேவிங் சாமான். ஒவ்வொன்றையும் அவள் முகர்ந்து பார்த்து உள்ளே வைத்தாள். அடியில் ஒரு சாம்பல் நிறப் பேண்ட் இருந்தது. கடைசி லீவில் வந்தபோது மாப்பிள்ளை தைத்துக் கொடுத்தது. அன்றைக்கு நானும் இருந்தேன். "அளவு எடுங்கப்பா" என்று பையன் நேராக நின்றான். "உன் அளவு எனக்குத் தெரியாதாடா, போடா" என்று விரட்டிவிட்டார். கிளம்புகிற அவசரத்தில் அவன் போட்டுப் பார்க்காமலே மடித்து எடுத்துக்கொண்டு போனான். பிறகு போனில், "கச்சிதமா இருக்குப்பா" என்றான்.

மாப்பிள்ளை பேண்டை வாங்கிக் கால்பக்கம் திருப்பினார். கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கி, கறுப்பு நூலால் கோணல்மாணலாக யாரோ கையால் தைத்திருந்தார்கள். ஒரு தையல் நீளம், ஒன்று குட்டை, ஒன்று குறுக்கே. எந்தக் கிறுக்கன் இப்படித் தைத்தான் என்பது போல உச்சுக் கொட்டினார். முப்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? பையிலிருந்த பிளேடால் அஞ்சாறு தையலை அறுத்துவிட்டார்.

"ஐயோ, பிரிக்காதீங்க!" தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது அவன் தச்சதுங்க."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. டேப்பை எடுத்து அந்தக் காலை அளந்தார். நோட்டில் இருந்ததைவிட ஒன்றரை அங்குலம் நீளம். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வளந்திருக்கான் மச்சான். நின்னான், அளக்கச் சொல்லி நின்னான். நான் பாக்கவே இல்ல."

மகனைப் புதைத்த அன்று அழாத மனிதர் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? தங்கை மட்டும் அழவில்லை. அறுந்த நூல் துணுக்குகளைப் பாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை கறுப்பு நூல் கோத்துக்கொண்டு வந்தார். பையன் குத்திய அதே ஓட்டைகளில் ஊசியை விட்டார். போட்டார், பார்த்தார், உருவினார். மறுபடி போட்டார். எப்படிப் போட்டாலும் தையல் நேராகவே வந்தது. நாலாவது தடவை ஊசியை என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்குத் தைக்கத் தெரியாதில்ல மச்சான். நீங்க தைங்க."

வாங்கிக்கொண்டேன். தங்கை துணியை இழுத்துப் பிடித்தாள். அஞ்சாறு தையல் போட எனக்கு அரை மணி நேரம் ஆனது.