கிழியாத படம்

இடது திரையில் ஊசல் ஆடியது. வலது திரையிலும் அதே ஊசல். முஜிபுர் ரகுமான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எதுல கிழியுது பாய்?” என்று கேட்டார், மகளின் கல்யாணச் சீருக்குத் திரை வாங்க வந்திருந்த நாகம்மை ஆச்சி.

“ரெண்டுலயும் கிழியக் கூடாது ஆச்சி. அதுக்குத்தான் இந்த விலை.”

செக்காலை ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைப்பதற்கு முன் அவர் மலேசியாவில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். பிரிண்டருக்கு மை நிரப்பித் தொடங்கியது, விளையாட்டு மானிட்டர்வரை வந்துவிட்டது. விளையாட மட்டும் தெரியாது.

கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒரே சீராகப் படம் தருவதில்லை. திரை அதைக் கவனிக்காமல் தன்போக்கில் ஓடினால், மேலே பழைய படமும் கீழே புதிய படமுமாக விழுந்து நடுவில் கிழியும். இந்த இரண்டு திரைகளும் கார்டின் வேகத்துக்கு ஏற்ப மாறுகிறவை. விலை கூடியது ஜி-சிங்க். அதற்கென்று உள்ளே தனிப் பலகை உண்டு. ஆனால் இந்த மாடல் ஒரே கம்பெனியின் கார்டோடுதான் ஒத்துப்போகும். விலை குறைந்த ஃப்ரீசிங்க் இரண்டு கம்பெனிக் கார்டோடும் ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஆனால் வேகம் இறங்கும்போது அதில் வெளிச்சம் லேசாகத் துடிப்பது போலிருந்தது. துடிப்பது திரையா தன் கண்ணா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

மாப்பிள்ளை நெற்குப்பைக்காரர், விளையாட்டுக் கணினி வைத்திருக்கிறவர். அவரிடம் என்ன கார்டு இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

“அதை எப்படிக் கேக்குறது பாய்? கேட்டா, அவுக கேட்டு வாங்குனதா ஆயிரும்.”

ஆச்சி தன் மகள் சௌபர்ணிகாவையும் கேட்கவிடவில்லை. அவள் போனைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றாள். நாளை கல்யாணம். சீர்ச் சாமான்களை வளவில், வீட்டின் உள்முற்றத்தில், பரப்புவார்கள். உறவு முழுக்கச் சுற்றிவந்து பார்க்கும். பரப்பிய சாமானை அப்புறம் மாற்ற முடியாது. வாழப்போகிற வீட்டில் படம் கிழிந்தால் பேச்சுக் கேட்கப்போகிறவள் சௌபர்ணிகா.

“விலை கம்மியானதைப் பரப்புனா நாலு பேரு என்ன சொல்லுவாக?”

“பெட்டி ரெண்டும் ஒரே அளவுதான் ஆச்சி.”

சௌபர்ணிகா சிரித்தாள். ஆச்சி சிரிக்கவில்லை.

“உங்க மகளுக்குன்னா எதை எடுப்பீக?”

முஜிபுர் ரகுமானின் கை ஃப்ரீசிங்க் பக்கம் நீண்டுவிட்டது. யோசித்து நீட்டிய கையா என்று அவருக்கே தெரியவில்லை.

“அப்ப அதையே கட்டுங்க.”

புதுப் பெட்டி ஒன்று காரில் ஏறியது. அவர் திரும்பி வந்து பார்த்தபோது ஜி-சிங்க் திரையும் துடிப்பது போலிருந்தது.

மறுநாள் காலையில் அவர் கல்யாண வீட்டுக்குப் போனார். வளவில் எவர்சில்வர் அண்டாக்களுக்கும் தலையணைகளுக்கும் நடுவில் பெட்டி இருந்தது. ஒருவர் டிவியா என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றார் இவர். தாலி கட்டி முடிந்தபின் மாப்பிள்ளை அந்தப் பக்கம் வந்தார். பெட்டியைத் திருப்பி, எந்தக் கார்டோடு ஓடும் என்று பின்பக்கம் போட்டிருந்ததை முழுக்க வாசித்தார். சௌபர்ணிகா அவர் முகத்தைப் பார்த்தாள். முஜிபுர் ரகுமானும் பார்த்தார். மாப்பிள்ளை பெட்டியைப் பழையபடி வைத்துவிட்டு, சாப்பிட்டுப் போங்க என்றார். முஜிபுர் ரகுமான் சாப்பிட்டார். மதியம் கடையைத் திறந்தார். ஒரு மௌஸும் இரண்டு கேபிளும் விற்றன.