அவனுக்குக் கிடைத்த கிதார்த் தட்டு

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கையில் மிஞ்சியதெல்லாம் பழைய அமெரிக்க இசைத்தட்டுகளாகவே வீட்டுக்கு வந்தது. ராக்கபில்லி என்று ஒரு வகை. ஐம்பதுகளில் அங்கே நாட்டுப்புறப் பாட்டும் கறுப்பின மக்களின் ப்ளூஸும் கலந்து பிறந்த இசை. கிதார் துள்ளிக்கொண்டு ஓடும். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய குவியல்களைக் கிளறிக் கிளறி, மூன்று வருடத்தில் பதினோரு தட்டுகள் சேர்த்திருந்தேன். இந்த வட்டாரத்திலேயே இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்குக் கர்வம்.

கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் ஒரு நண்பன் இருந்தான். வாணியம்பாடிக்காரன், வீட்டில் உருது பேசுவார்கள். ஒருமுறை தடவிப் பார்த்தாலே தோலின் தரத்தைச் சொல்லிவிடுவான். பழைய கிதார் ஒன்று வைத்திருந்தான். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை, தானாகவே வாசிப்பான்.

வேலூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் குடும்பம் ஊருக்குத் திரும்புவதால் வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மேசை விசிறி வாங்கலாம் என்று அவன் மட்டும் போனான். அங்கே சுவரில் சாய்த்திருந்த கிதாரை எடுத்துச் சும்மா வாசித்திருக்கிறான். டாக்டரின் மனைவி உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து, வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்.

மறுநாள் அதை என்னிடம் காட்டினான். எந்தக் கிதார்க்காரனுக்காக மூன்று வருடமாக மூர் மார்க்கெட்டைச் சுற்றினேனோ, அவனுடைய தட்டு. எனக்கு வயிறு எரிந்தது. நண்பனிடம் ரெக்கார்டு பிளேயர்கூடக் கிடையாது.

அதனால் ஞாயிறுதோறும் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆம்பூருக்கு என் வீட்டுக்கு வருவான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். முடிந்ததும் துடைத்து உறையில் போட்டு எடுத்துப் போய்விடுவான். என் ஊசியில், என் வீட்டில் பாடியது, மறுபடி அவன் கையோடு போகும். ஐந்தாவது ஞாயிறு, இங்கேயே இருக்கட்டும், அடுத்த வாரம் எடுத்துக்கொள் என்றேன். யோசிக்காமல் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் அவன் வந்தபோது, ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன், வெயிலில் வளைந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். தட்டு அப்போது பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் இருந்தது.

ஜன்னலை ஒருமுறை பார்த்தான். பிறகு, "போவுது வுடு தோஸ்த், நீ ஏன் பேஜார் ஆவுறே?" என்றான். எனக்குத்தான் ஆறுதல் சொன்னான்.

அதற்குப் பிறகு அந்தத் தட்டை நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். வாசலில் சைக்கிள் நின்றால் ஊசியைத் தூக்கிவிடுவேன்.

இரண்டு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து தோல் வாங்குகிறவர்கள் வந்தார்கள். கம்பெனியில் மதிய விருந்து. யாரோ சொல்ல, அவனை வாசிக்கச் சொன்னார் மானேஜர். அவன் வாசித்தது அந்தத் தட்டின் இரண்டாவது பாட்டு. ஐந்து ஞாயிறு கேட்டது மொத்தமும் அவன் விரலில் இருந்தது. ஜெர்மனிக்காரர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். நானும் தட்டினேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய்த் தட்டைப் போட்டுப் பார்த்தேன். நடுவில் ஓர் இடத்தை அவன் மாற்றி வாசித்திருந்தான். அவன் வாசித்ததுதான் நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் தட்டைப் பூட்டி வைத்தும் அவனுக்கு ஒன்றுமே குறையவில்லை.

மறுநாள் தட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, தோல்கள் அடுக்கியிருந்த கொட்டகைக்குப் போனேன். சொன்னது பொய் என்று சொல்லி நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். "தெரியும்," என்றான். "வளைஞ்சி இருந்தாலும் நீ தூக்கிப் போடுற ஆளா? வளைஞ்சதயே வெச்சி பாத்துக்கினு இருந்திருப்பே."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"

"இன்னான்னு கேக்கறது? நீயா குடுப்பேன்னு பாத்தேன்."

கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் அடுத்த தோலைப் பிரித்துப் போட்டுத் தடவ ஆரம்பித்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை. கம்பெனியில் பார்த்தால் டீ சாப்பிட்டாயா என்று கேட்பான், அதோடு சரி. ஒரு வருடத்தில் அவனே ஒரு பிளேயர் வாங்கிவிட்டான்.

எண்பதுகளில் என்னிடம் அறுபது தட்டுகளுக்கு மேல் சேர்ந்தன. அவனிடம் கடைசிவரை அந்த ஒன்றுதான். ஒருநாள் வேலையாக வாணியம்பாடி போனபோது அவன் தெரு வழியாக வந்தேன். மாடி ஜன்னலில் அந்த இரண்டாவது பாட்டு கேட்டது. சைக்கிளை நிறுத்தி, நடுவில் வரும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். மாற்றித்தான் வந்தது. தட்டு இல்லை, அவன்தான். படியேறிப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். பாட்டு முடிவதற்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன்.