நரி ரத்தமும் அய்யாவின் கருவாடும்

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குப் பின்னால் இருக்கும் கருவேலங்காட்டில் கூண்டு வைத்து நரி பிடிப்பது என் வேலை. எல்லாம் ஆராய்ச்சிக்குத்தான். பெரிய நரி, குள்ளநரி இரண்டிலும் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு திறந்துவிட்டுவிடுவோம். அந்த ரத்தத்தில் கிருமியைக் கலந்து, எந்த ரத்தம் அதைச் சீக்கிரம் கொல்கிறது என்று பார்ப்போம். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனாலும் பெரிய நரியின் ரத்தம் கிருமியை ஒரு கை பார்த்தது, குள்ளநரியினுடையது திணறியது.

அந்தச் சமயத்தில்தான் என் அய்யாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், புற்றுநோய் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஊசி போட்டதில் வெள்ளை அணுக்கள் சரிந்துவிட்டன. அவை ஏறும்வரை சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு உலை வைத்துவிடும் என்றார் டாக்டர். அப்போதே சமைத்த சூடான சாப்பாடு, தனி அறை. காட்டு மிருகத்தைத் தொட்டுவிட்டு வருகிறவள் நான். அவர் அறை வாசலைத் தாண்டுவதே இல்லை. வாசலில் நின்றபடியே நரிக்கதை சொல்வேன். பெரிய நரி தலைமுறை தலைமுறையாக அழுகியதைத் தின்று பழகியது, அதன் ரத்தத்துக்கு அந்தத் தெம்பு அதனால் வந்திருக்கலாம் என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் காலை பார்த்தால், மனுசர் அடுப்படியில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறார். தொட்டுக்கொள்ள முந்தாநாள் கருவாட்டுக் குழம்பு. எனக்கு வந்ததே கோபம்! தட்டைப் பிடுங்கிக்கொண்டு தள்ளி நின்றேன்.

“நீங்க என்ன நரியாய்யா?”

“கண்டதத் தின்னாத்தானத்தா அதுக்குத் தெம்பு? நீதான சொன்ன?”

“ஒரு நாள்ல வந்துருமா அது? உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?” புறங்கையால் கண்ணைத் துடைத்தேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டார். “சரித்தா, அழுவாத. அந்தக் குள்ளநரி எப்பிடித்தேன் பொழைக்குது?”

“பூச்சி, எலி, எலந்தப்பழம்னு திங்கும். குட்டி போட்டா பொட்டை வளைக்குள்ள கெடக்கும். ஆணு எரை கொண்டாந்து குடுக்கும்.”

“அப்பறமென்ன? நான் வளைக்குள்ள கெடக்கேன், நீ கொண்டா” என்று அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்து, சுடுசோற்றோடு வாசலில் வைத்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அவ்வளவு ஆசை மனுசருக்கு.

அந்த வாரமே பரிசோதனை முடிவு வந்தது. அணுக்கள் ஏறியிருந்தன, அடுத்த ஊசி போடலாம், பக்கத்தில் போகலாம் என்றார்கள். தலைக்குக் குளித்து, துணி மாற்றி, உள்ளே போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகைதான் வந்தது. அவர் என் தலையில் கை வைத்தார்.

“இன்னும் நரி வாடை போகலத்தா” என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.