ட்ரம்பெட்காரரின் இரண்டு பற்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தைத் துப்புரவு செய்யும் வேலை எனக்கு. அந்த வசந்தத்தில் ஒன்பது பேர் கொண்ட சுவிங் குழுவொன்று அங்கே தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தது. பாட்டன் காலத்து நடன இசையை மீட்டெடுக்கிறோம் என்று தொளதொளத்த காற்சட்டையும் தொப்பியுமாக வருவார்கள். கேட்டால் கால் தானாக ஆடும். ஆனால் குழுத் தலைவன் பொல்லாதவன். பிழைவிட்டவர் மீது கையில் கிடைத்ததை எறிவான். ஒருநாள் சாம்பல் கிண்ணம் கதவில் பட்டுச் சிதறியது. "கூட்டிவிடு" என்றான், என்னைப் பார்க்காமலே.

ட்ரம்பெட் வாசித்தவர் மெலிந்த மனிதர். அங்கே எனக்கு வணக்கம் சொல்லும் ஒரே ஆள். ஒரு மத்தியானம் தலைவன் அவரை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தான். உதடு வீங்கிவிட்டது, இனி முடியாது என்று சொல்லி, வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கக் குனிந்தார். தலைவன் மைக் தாங்கியின் இரும்புக் கம்பியைத் தூக்கி அவர் வாயில் அடித்தான். விழுந்தபின்னும் அடித்தான். மற்றவர்கள் அசையவில்லை. நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடிக் குறுக்கே விழுந்தேன். அடுத்த அடி என் தோளில் இறங்கியது. அப்போதுதான் அவர்கள் அவனைப் பிடித்தார்கள்.

ஆம்புலன்ஸ் போனதும் கூடத்தின் முதலாளி, "வயர் தடக்கி விழுந்துவிட்டார். நீ ஒன்றும் காணவில்லை. துடை" என்றார். துடைத்தேன். துணியில் இரண்டு பற்கள் வந்தன. மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் கணவர் பயந்துபோனார். "நீர் ஏன் நடுவில போனனீர்? எங்கட அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரேல்லை. பொலிஸ், கோடு, வழக்கு எண்டு ஏறினா என்ன நடக்கும்?"

"என்ர தோளை ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தார். கன்றிக் கறுத்திருந்தது. தன் மேலங்கியை எடுத்து மாட்டினார்.

"சரி, வெளிக்கிடும். நானும் வாறன்."

பொலிசில் பற்களை மேசையில் வைத்துக் கண்டதைச் சொன்னேன். அந்தக் கிழமையே வேலை போனது. நீதிமன்றத்தில், எனக்கு டொச்சு மொழி சரியாக விளங்காது என்று தலைவனின் வழக்கறிஞர் வாதாடினார். அடித்ததைக் காண டொச்சு தேவையில்லை என்று நீதிபதிக்குச் சொன்னேன். அவனுக்குச் சிறை கிடைத்தது.

இலையுதிர் காலத்தில் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் ஒலித்த ட்ரம்பெட், அடி விழுமுன் அவர் வாசித்தது. அட்டைப் படத்தில் மட்டும் அவர் இல்லை. பொய்ப்பல் கட்டியும் அவரால் பழையபடி ஊத முடியவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் எங்களிடம் சாப்பிட வந்தார். மென்று தின்னச் சிரமப்பட்டார். என் கணவர் இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியில் ஊறவைத்துக் கொடுக்க, இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.